பாதி ஷட்டர்

எங்கள் பாத்திரக்கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தால், யாரோ செத்துவிட்டார்கள் என்று டி. நகரில் அந்தச் சந்துக்கே தெரியும். யார் என்பதுதான் தெரியாது. எனக்கே தெரியாது. மேற்கு மாம்பலத்தில் சமையலை முடித்துவிட்டு, ஸ்டேஷன் படிக்கட்டு ஏறி இறங்கி, மதியச் சாப்பாட்டுத் தூக்கோடு போய் நின்றால் ஷட்டர் மார்பளவுக்குத் தொங்கும். வெளியே எங்கள் கடை ஆள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். சிந்தாதிரிப்பேட்டைக்காரர், எங்கள் கல்யாணத்துக்கு மறுவருஷத்திலிருந்து எங்களோடு இருப்பவர்.

"மொதலாளி மூட் அவுட்டு ம்மா. எவனோ பூட்டானாம்," என்பார்.

நான் குனிந்து உள்ளே போவேன். என் வீட்டுக்காரர் செத்தவன் கையில் வெற்றிலை பாக்கு கொடுத்த மாதிரி கல்லாவில் உட்கார்ந்திருப்பார்.

"இன்னைக்கு யாரு?"

"ரேடியோவுல கிரிக்கெட் சொல்லுவாருல்லா, அவரு."

"அவரு உங்க சித்தப்பா மகனா?"

அவர் சில்லறையை எண்ண ஆரம்பிப்பார். நான் விடமாட்டேன். "எழவு வீட்டுக்கு வந்தவ தாலியறுப்பாளா? ஊருக்கெல்லாம் துக்கம் கொண்டாடிக்கிட்டு இருந்தா யாவாரம் என்னத்துக்கு ஆகும்?" என்று தூக்கை ணங்கென்று வைப்பேன். எவர்சில்வர் கடையில் ணங்கென்று வைப்பதற்கு ஒரு தனி வசதி உண்டு, நாலு தட்டு சேர்ந்து ஆமோதிக்கும்.

சொந்தத்தில் யாராவது தவறினால் எல்லோரையும் போலக் கடையை முழுசாகத்தான் மூடுவோம். இது அது இல்லை. இது அவரே உண்டாக்கிக்கொண்ட வழக்கம். அவருக்குப் பிடித்த யாராவது போய்விட்டால் ஒரு மணி நேரம் போல ஷட்டர் பாதி இறங்கும். அவர்களுக்கு இவரைத் தெரியாது. இவர் அவர்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததில்லை. சினிமாவில் எப்போதும் ஏட்டையாவாகவே வந்து ஒரே ஒரு வசனம் பேசிவிட்டுப் போகிற நடிகர் ஒருவருக்கு இறங்கியது. பாட்டுக்கு நடுவே ஹம்மிங் மட்டும் பாடுகிற ஒரு அம்மாவுக்கு இறங்கியது. பனகல் பார்க் சிக்னலில் நின்ற ஒரு போலீஸ்காரருக்கு இறங்கியது. அவர் கை காட்டினால் பஸ்ஸே வெட்கப்பட்டுக்கொண்டு நிற்கும் என்று இவர் சொல்வார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "மூடுறதுன்னா முழுசா மூடுங்க. இல்லேன்னா முழுசா தொறங்க. இதென்ன ரெண்டுங்கெட்டான்?" என்று கேட்டேன்.

"முழுசா மூட நமக்கு உரிமை கெடையாதுட்டி. நாம யாரு அவருக்கு? ஆனா முழுசா தொறந்து வச்சிருக்க மனசு வர மாட்டேங்கு," என்றார்.

இப்படிச் சொல்கிற மனுஷரிடம் என்ன சண்டை போடுவது? அப்படியும் போட்டேன்.

ஒருமுறை அபிராமபுரத்திலிருந்து வழக்கமாக வருகிற மாமி ஒருவர் ஷட்டரைப் பார்த்துவிட்டு வாசலிலேயே தயங்கி நின்றார். "என்ன, கடையைப் பாதி சாத்திண்டிருக்கேள்? ஏதாவது அசுபமா? நான் அப்புறமா வரேன்."

"ஒண்ணும் இல்லம்மா, வாங்க. முன்னால மாம்பலம் ஸ்டேஷன்ல மைக்ல ரயில் சொல்லுவாருல்லா, அவரு தவறிட்டாரு," என்றார் இவர்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். மாமி என்ன செய்தார் தெரியுமா? "அடப்பாவமே! தாம்பரம் வரை செல்லும்னு இழுப்பாரே, அவரா?" என்று குனிந்து உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார். "எங்காத்துக்காரர் அவரை மாதிரியே சொல்லிக் காட்டுவார். ரயில் லேட்டுன்னா கூட அவர் குரல்ல ஒரு மன்னிப்பு இருக்கும்." அப்புறம் இரண்டு பேரும் மாறி மாறி ரயில் விட்டார்கள். செங்கல்பட்டு, திருமால்பூர், கடற்கரை என்று கடைக்குள் எல்லா வண்டியும் வந்து போயின. மாமி வாங்க வந்த தோசைத் திருப்பியை மறந்துவிட்டுப் போனார். இவரும் ஞாபகப்படுத்தவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனால் சாயங்காலம் வீட்டில் இவர் குளித்துவிட்டு வந்து, துண்டை உதறிக்கொண்டே அதே குரலில் "இரவு உணவு... இன்னும் சற்று நேரத்தில்..." என்று இழுத்தபோது நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி விழுந்துவிட்டது.

அவர் அப்படித்தான். யாரோ ஒருத்தர் தன் வேலையை நன்றாகச் செய்தால் போதும், இந்த மனுஷர் அங்கேயே விழுந்துவிடுவார். நன்றாகப் பரோட்டா வீசுகிறவன் முன்னால் பசியில்லாமல் நிற்பார். தெருவில் அழகான கோலம் கிடந்தால் சுற்றிக்கொண்டு போவார், பின்னால் வருகிற என்னையும் இழுத்துக்கொண்டு. ஒரு நகைச்சுவையைக் கேட்டு எல்லோரும் சிரித்து முடித்து, இரண்டு நாள் கழித்து, கல்லாவில் தனியாக உட்கார்ந்து சிரிப்பார். என்னவென்று கேட்டால் சொல்லவும் வராது, சிரிப்பும் அடங்காது. பொறாமை என்பதை அவருக்குள் வைத்தே படைக்கவில்லை. வியாபாரிக்கு இது ஆகுமா என்றால் ஆகாதுதான்.

போன ஆடிக் கடைசியில் அவர் போனார். காலையில் கடைக்குக் கிளம்பச் சட்டையை மாட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஆடித் தள்ளுபடிக் கூட்டத்தில் அவரைக் கடை வாசல் வழியாகக் கொண்டுபோனபோது, வியாபாரிகள் சங்கத்துக்காரர்கள் சந்து முழுக்கக் கொஞ்ச நேரம் ஷட்டரை இறக்கினார்களாம். என் மகன் வந்து சொன்னான். நல்ல வழக்கம்தான். அந்தச் சந்தில் கடை வைத்திருக்கும் யாருக்கும் செய்வார்கள்.

பதினாறு நாள் கடை முழுசாகப் பூட்டிக் கிடந்தது. ஊரிலிருந்து சொந்தக்காரர்கள் ரயில் ரயிலாக வந்தார்கள். என் வீட்டுக்காரரின் அக்காதான் வீட்டை நடத்தினார். அவரை நான் மைனி என்று கூப்பிடுவேன். யாருக்குக் காப்பி, யாருக்கு எங்கே படுக்கை, பதினாறாம் நாள் விசேஷத்துக்கு என்ன குழம்பு என்று எல்லாவற்றையும் அவர்தான் பார்த்தார். நடுவில் என்னைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தார். நானும் வைத்தேன். அழுகைக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. தொண்டை கட்டிப்போகிற அளவுக்கு அழுதேன்.

ஆனால் அதெல்லாம் பெண்டாட்டி அழ வேண்டிய அழுகை. அவர் குடித்துவிட்டு வந்து என்னைப் போட்டு அடிக்கிற ஆளாக இருந்திருந்தாலும் இதே பதினாறு நாள்தான், இதே ஒப்பாரிதான், இதே குழம்புதான். வந்தவர்கள் எல்லோரும் "பூவும் பொட்டுமா இருந்தவளை இப்படிப் பாக்கணுமா" என்று அழுதார்கள். என் பொட்டுக்கு அழுதார்கள். மைனி தன் தம்பிக்கு அழுதார். பிள்ளை அப்பாவுக்கு அழுதான். அதெல்லாம் சரிதான், யாரையும் குற்றம் சொல்லவில்லை. ஆனால் பரோட்டா மாஸ்டர் முன்னால் வாயைப் பிளந்து நின்ற அந்த ஆளுக்கு யார் அழுதது? எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். கழுத்தில் கட்டினார் என்பதற்காக இல்லை. பக்கத்து வீட்டுக்காரராக இருந்திருந்தாலும் பிடித்திருக்கும். அந்தப் பிடித்தத்துக்கு இந்தப் பதினாறு நாளில் ஒரு இடமும் இல்லை. அதை எங்கே கொண்டுபோய் இறக்கிவைப்பது என்று தெரியாமல், வந்தவர்களுக்கு நடுவில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆவணி பிறந்துவிட்டது. முகூர்த்த மாசம். பாத்திரக்கடைக்கு அதுதான் சோறு போடும் மாசம். மகன் நல்ல நேரம் பார்த்து, தேங்காய் உடைத்து, ஷட்டரை உச்சிவரை தூக்கினான். நானும் வருவேன் என்று பிடிவாதமாகப் போனேன். மைனியும் கூட வந்தார்.

"நீ பின்னால இருந்துக்கோ தாயி. மொத யாவாரம் முடியட்டும். கலியாணத்துக்குச் சாமான் எடுக்க வாறவங்க, பாத்தா ஒரு மாதிரி நெனப்பாங்க," என்றார்.

மைனி கெட்டவர் இல்லை. உலகம் அப்படி என்று நம்புகிறவர், என் மேல் சொல் விழக்கூடாது என்று முந்திக்கொண்டார். போய்க் குக்கர் பெட்டிகளுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அடையாற்றிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, கல்யாணப் பெண். அண்டா, குடம், குத்துவிளக்கு என்று முழுச் சீரும் எடுப்பதாகச் சொன்னார்கள். மகன் பம்பரமாகச் சுழன்றான். நான் பெட்டி இடுக்கு வழியாக வாசலைப் பார்த்தேன். வெயில் கடைக்குள் பாதி தூரம் வந்து கிடந்தது. எதிர்க்கடை ஸ்பீக்கர் "வாங்கம்மா வாங்க" என்று கத்தியது. ஜனங்கள் பையும் கையுமாகப் போய்க்கொண்டே இருந்தார்கள். ஒருத்தர்கூட எங்கள் கடையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பார்கள்? இந்தக் கடையில் ஒரு ஆள் குறைந்துவிட்டார் என்று அவர்களுக்குச் சொல்ல அங்கே என்ன இருந்தது?

எனக்குக் கோபம் வந்துவிட்டது. யார் மேல் என்று கேட்டால் தெரியாது. கிரிக்கெட்காரருக்குக் கிடைத்தது, ரயில்காரருக்குக் கிடைத்தது, சிக்னல் போலீஸுக்குக் கிடைத்தது. இவருக்கு இல்லையா?

எழுந்தேன். குடும்பத்தைத் தாண்டி வாசலுக்குப் போனேன். சுவரில் சாத்தியிருந்த கொக்கிக் கம்பியை எடுத்து ஷட்டரில் மாட்டி இழுத்தேன். அது அசையவில்லை. இத்தனை வருஷத்தில் நான் ஒருநாளும் அதை இழுத்ததில்லை.

"இன்னா ம்மா?" என்று ஓடிவந்தார் கடை ஆள். என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் கம்பியில் தன் கையையும் வைத்தார். ஷட்டர் கடகடவென்று இறங்கி மார்பளவில் நின்றது. கடைக்குள் வெளிச்சம் செத்துவிட்டது.

"எம்மா! என்ன பண்ற? இப்பதான தொறந்தோம்?" மகன் அலறினான்.

மைனி பதறி எழுந்து வந்தார். "ஏட்டி, ஒனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? மொத யாவாரம் நடக்கையில ஷட்டர இறக்குதா! பதினாறு நாள் பூட்டிக் கெடந்தது பத்தாதா?"

"அது என் புருஷனுக்கு மைனி," என்றேன். சண்டை மாதிரித்தான் குரல் வந்தது. "தாலி கட்டினவனுக்குச் செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சாச்சு. ஒரு கொறையும் வைக்கல. இது எனக்குப் புடிச்ச ஒரு மனுஷனுக்கு. போயிட்டாரு. இன்னைக்குத்தான் நான் துக்கம் கேக்கேன்."

மைனி அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் சரிந்தார். அடையாற்று அம்மா தன் கணவரின் முழங்கையை இடித்தார். "நாங்க... அப்புறமா வர்றோம்ங்க," என்று அவர் மகனிடம் சொன்னார். பெண்ணை முன்னால் விட்டு, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து வெளியே போனார்கள். அவர்கள் வரமாட்டார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். மகன் அவர்கள் எடுத்துவைத்த குத்துவிளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றான். கத்துவான் என்று நினைத்தேன். கத்தினால் நானும் கத்துவதாக இருந்தேன்.

அவன் கத்தவில்லை. கல்லாவுக்குப் போகாமல், என் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தான். ஷட்டருக்குக் கீழே தெருவில் போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. சில கால்கள் நின்றன. "யாருப்பா?" என்று யாரோ கேட்டார்கள். "மொதலாளிப்பா," என்று கடை ஆள் வெளியிலிருந்து சொல்வது கேட்டது.

கொஞ்ச நேரம் கழித்து மகன் மெதுவாகக் கேட்டான். "எப்பம்மா தூக்கணும்?"

"எனக்கு எப்படிய்யா தெரியும்?" என்றேன். "எப்பவும் அவங்கதான தூக்குவாங்க."