ஆலைப் பாலத்தில் நின்ற அப்பலோனியா

என் தங்கை அப்பலோனியா எனக்கு ஆறு வயது இளையவள். எங்கள் கோயில் எப்படி உண்டானது என்று ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். ஒன்றிலும் அவள் பெயர் வருவதில்லை. அதனால்தான் நான்காம் வகுப்போடு நின்ற நான் இதை எழுதுகிறேன். நாளும் மணியும் இரண்டு தடவை விசாரித்துச் சரிபார்த்தவை.

1906-ல் அவளுக்கு இருபத்துமூன்று வயது. ஆற்றோரத் தெருவில் அவளும் அவள் கணவன் ஒண்ட்ரேயும் நடத்திய வீட்டில் கடல் கடந்து பிழைக்க வந்த பதினான்கு ஸ்லோவாக்குகள் தங்கிச் சாப்பிட்டோம். கட்டில் ஏழுதான். இரும்பாலையில் பகல் ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம், இரவு ஷிப்டு பன்னிரண்டு மணி நேரம். ஒருவன் எழுந்த சூடு ஆறுவதற்குள் அடுத்தவன் வந்து படுப்பான்.

அந்த ஜனவரியில் எங்களில் ஒருவனான யூரையின் மேல் உருகிய இரும்பு தெறித்தது. பிழைக்கமாட்டான் என்று தெரிந்ததும் பாவசங்கீர்த்தனம் கேட்க ஐரிஷ் சாமியார் ஒருவர் வந்தார். அவருக்கு எங்கள் பாஷை தெரியாது. முன்பு இங்கிலீஷ் பேசுகிற ஒரு பெரிய வீட்டில் வேலை பார்த்ததால் தெருவிலேயே அப்பலோனியாவுக்குத்தான் இங்கிலீஷ் வரும். அவள் கட்டிலருகே மண்டியிட்டு, அவன் சொன்ன பாவங்களை ஒவ்வொன்றாகச் சாமியாருக்கு எடுத்துச் சொன்னாள். அறையை விட்டு வந்தபோது அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

“அண்ணே, இன்னொருத்தர் பாவம் என் காதுல விழவே கூடாது. நம்ம பாஷை பேசுற சாமி நமக்கு வந்தாகணும்” என்றாள்.

பிஷப்புக்கு மனு போனது. முந்நூறு ஆண்கள் தவறாமல் பூசைக்கு வருவதாகத் தெரிந்தால் தனிக் கோயிலும் ஸ்லோவாக் குருவும் தருவதாகப் பதில் வந்தது. எண்ணிப் பார்க்க, பிஷப் அனுப்பிய ஃபாதர் கீனன் வந்தார். வாடகை மண்டபத்தில் நடந்த பூசையில் முதல் ஞாயிறு 158 பேர். அடுத்த ஞாயிறு, மார்ச் 25 அன்று, 166 பேர். அவர் கணக்குப் புத்தகத்தை மூடிவிட்டார். ஊர் ஐரிஷ் கோயிலின் நிலவறையிலேயே நாங்கள் பூசை கண்டுகொள்ளலாம் என்று பிஷப்புக்கு எழுதப் போவதாகச் சொன்னார்.

அப்பலோனியா கூட்டத்தைப் பிளந்துகொண்டு அவர் முன்னால் போய் நின்றாள். ஞாயிறுதோறும் ஷிப்டு மாறுகிறது, அதற்காக ஒரு பாதிப் பேர் இருபத்துநான்கு மணி நேரம் ஆலைக்குள்ளேயே இருப்பார்கள், போன வாரம் பார்த்தவர்கள் வேறு, இந்த வாரம் பார்த்தவர்கள் வேறு, இரண்டையும் கூட்டுங்கள் என்றாள்.

அவர் சிரித்தார். “எல்லாருக்கும் அதே மீசை. அதே கறுப்புக் கோட்டு. ரெண்டு தடவையும் ஒரே ஆளுங்க வரலன்னு நான் எப்படிம்மா நம்புறது?”

“நாளைக்குக் காலையில ஆறு மணிக்கு ஆலைப் பாலத்துல வந்து நில்லுங்க, சாமி. உள்ள இருக்கறவங்க வெளிய வருவாங்க, வெளிய இருக்கறவங்க உள்ள போவாங்க. ரெண்டு பாதியும் ஒரே நேரத்துல உங்களைத் தாண்டித்தான் போகணும்.”

“போறவன் வர்றவன்ல எவன் ஸ்லோவாக், எவன் கத்தோலிக்கன்னு நெத்தியில எழுதியிருக்குமா?”

“நீங்க அங்கியைப் போட்டுக்கிட்டு நில்லுங்க. அவங்களே சொல்லுவாங்க.”

நீ சொல்லிக்கொடுத்து வைப்பாய் என்றார் அவர். உள்ளே இருப்பவர்களிடம் யார் போய்ச் சொல்ல முடியும் என்று கேட்டாள் அவள். வெளியே இருப்பவர்களுக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்தாள். பிறகு, அவர்கள் என்ன சொல்வார்கள் என்று சொல்லி, அதற்கு அவர் சொல்ல வேண்டிய பதிலாக இரண்டே வார்த்தை கற்றுக்கொடுத்தாள்: ‘நவேகி, ஆமென்.’ என்றென்றும், ஆமென் என்று பொருள். அவர் அன்று மாலை ரயிலில் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டார்.

நான் அந்த ஞாயிறு ஆலைக்குள் இருந்தவன். இதில் ஒன்றும் எனக்குத் தெரியாது. திங்கள் காலை சங்கு ஊதியதும் தூக்கக் கலக்கத்தோடு வெளியே வந்தேன். பாலத்தின் நடுவே கறுப்பு அங்கியில் ஒரு சாமியார், பக்கத்தில் என் தங்கை. வீட்டில் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து நடையை எட்டிப் போட்டேன்.

முன்னால் போனவர்கள் மேஸ்திரிகள், வெல்ஷ்காரர்கள். ஒருவரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சாமியார் புருவத்தை உயர்த்தி அவளைப் பார்த்தாராம். இருபத்துநான்கு மணி நேரம் நெருப்பில் வெந்து வருகிறவனுக்கு வாய் திறக்கத் தெம்பு இருக்குமா என்று அப்போதுதான் பயம் வந்ததாக அவள் பிறகு சொன்னாள்.

அடுத்து வந்தவர் கிழவர் வசில்சாக். சாமியாரைக் கண்டதும் சொந்த ஊரில் செய்கிற மாதிரியே தொப்பியைக் கழற்றினார். “இயேசு கிறிஸ்துவுக்குத் தோத்திரம்” என்றார்.

“நவேகி, ஆமென்” என்றார் ஃபாதர் கீனன். புத்தகத்தில் ஒரு கோடு விழுந்தது.

பிறகு நிற்கவே இல்லை. இந்தப் பக்கமிருந்து கரி பிடித்த முகங்கள், அந்தப் பக்கமிருந்து கழுவிய முகங்கள், இரண்டு வரிசையிலும் தொப்பிகள் இறங்கின. தோத்திரம், ஆமென், தோத்திரம், ஆமென்! எங்களில் கத்தோலிக்கரல்லாத லூத்தரன்காரர்கள் வெறுமனே தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவர் கோடு போடவில்லை. நான் ஐம்பத்துமூன்றாவது ஆள். இருநூறைத் தாண்டியதும் அவர் குரல் கட்டியது. பென்சில் முனை ஒடிந்தது. ஒரு தச்சன் கோட்டுப் பையிலிருந்து தன்னுடையதை எடுத்துக் கொடுத்துவிட்டு, மறக்காமல் தோத்திரமும் சொன்னான். இருநூற்றுத் தொண்ணூறில் வரிசை மெலிந்தது. நான் வீட்டுக்குப் போகாமல் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது உலைக்களத்து ஆட்கள் கடைசியாக வந்தார்கள், மொத்தமாக.

முந்நூற்று நாற்பத்துமூன்று.

ஃபாதர் கீனன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அப்பலோனியா அவரை வீட்டுக்கு அழைத்துவந்து முட்டைக்கோஸ் சூப் ஊற்றினாள். “பேசாதீங்க சாமி, எழுதுங்க, போதும்” என்றாள். அவர் அங்கேயே, எங்கள் மேசையில், எழுதினார்.

செப்டம்பரில் எங்கள் குரு வந்தார். முதல் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்கு நின்ற வரிசை மண்டபத்தைத் தாண்டித் தெருவரை நீண்டது. நீதான் முதலில் போக வேண்டும் என்று எல்லோரும் அவளை முன்னே தள்ளினார்கள். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். வெளியே வர வெகுநேரம் ஆயிற்று. ஒண்ட்ரே என் விலாவில் இடித்து, “இவ்வளவு பாவம் எப்பய்யா செஞ்சா, நான் கூடவேதானே இருக்கேன்?” என்றான். அவள் முகம் மலர வந்தாள். மாவு பிசைய வேண்டும், பதினான்கு பேர் பசியோடு வருவார்கள் என்று சொல்லிக்கொண்டே தெருவில் ஓட்டமும் நடையுமாகப் போனாள்.