சொட்டாத ஞாயிறு

வாடகைக்கு அறை கேட்டுப் போன அன்று, வீட்டுக்காரரான லிஃப்ட் மெக்கானிக்கின் கால்கள்தான் எனக்கு முதலில் அறிமுகமாயின. மீதி உடம்பு, கூடத்தில் நின்ற பழைய பிரிட்டிஷ் இரட்டை சிலிண்டர் பைக்குக்கு அடியில் கிடந்தது.

"என்ன படிச்சிருக்கே?" என்றது பைக்.

"பி.இ. மெக்கானிக்கல். எங்க வம்சத்துலயே முதல் பட்டதாரிங்க."

"அப்ப மாடி ரூம் உனக்குத்தான். அந்த ஸ்பேனர எடு."

பாலைவன மணலில் ஓட்டுவதற்காக மெக்கானிக் அண்ணன் அதை மாற்றிக்கொண்டிருந்தார். சைலன்சர்கள் சீட் உயரத்துக்கு ஏறியிருந்தன. என்ஜினைக் கல்லிலிருந்து காக்க, கழித்துப்போட்ட லிஃப்ட் கதவை வெட்டி அடியில் மாட்டியிருந்தார். அதில் 'கதவில் சாயாதீர்' என்று இன்னும் எழுதியிருந்தது.

ஒரே குறை, வண்டி எண்ணெய் சொட்டியது. அதே கூடத்தில் தையல் மெஷின் போட்டிருந்த அவர் மனைவி, எனக்கு அக்கா, கெடு வைத்துவிட்டார்.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள நிக்கலேன்னா பழைய இரும்புக்காரன் வருவான். ஊரான் துணியில கறை பட்டா யாரு பதில் சொல்றது?"

"சொட்டுதுன்னா உள்ள எண்ணெய் இருக்குன்னு அர்த்தம்டி."

"உங்க வாயும் அப்படித்தான், நிக்கவே நிக்காது."

படித்தவன் சும்மா இருப்பேனா? சனிக்கிழமை எண்ணெயை வடித்து, என்ஜின் மூடிகளைக் கழற்றி, கசிவை அடைக்கப் புது கேஸ்கட் வெட்டி வைத்து இறுக்கினேன். மறுநாள் காலை, அடியில் விரித்திருந்த செய்தித்தாளில் ஒரு புள்ளி இல்லை. கல்லூரிப் பெயரைச் சொல்லி மார்தட்டினேன். அண்ணன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிக்கரில் கால் வைத்தார்.

"நில்லுங்க," என்றார் அக்கா. "மூணு வருஷமா சொட்டினது ஒரே நாள்ல ஒழுக்கமாயிடுமா?"

எண்ணெய் டேங்கைத் திறந்து, தையல் ஸ்கேலை உள்ளே விட்டு எடுத்தார். காய்ந்துபோய் வந்தது.

வடித்தவன் திரும்ப ஊற்ற மறந்திருந்தேன். அப்படியே கிளப்பியிருந்தால் தெருமுனைக்குள் என்ஜின் இறுகியிருக்கும்.

அக்கா என்னைப் பார்த்து, "பட்டதாரி..." என்றார். அவ்வளவுதான்.

எண்ணெய் ஊற்றினோம். அரை மணியில் செய்தித்தாளில் ஒரு சொட்டு விழுந்தது. அக்கா குனிந்து பார்த்தார்.

"உயிரோட இருக்கு. போயிட்டு வாங்க."

இரும்புக்காரன் வரவில்லை. அண்ணனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் வேலை தொடர்கிறது. ஞாயிறுதோறும் அக்கா தாளைப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகு மணல்மேட்டில் ஓட்டுகிறார். துணிகளின் பாதுகாப்புக்காகத் தையல் மெஷின் மாடி அறைக்குப் போய்விட்டது. நான் கூடத்தில், பைக்குக்குப் பக்கத்தில் படுக்கிறேன்.