உதிரி மல்லி

"அம்மா, நீயும் என்னை மாதிரி ஒரே பாப்பாவா?" என்று போன மாதம் என் மகள் கேட்டாள். அவளுக்கு நான்கு வயது. குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நானோ வெந்நீர் சுடுகிறதா என்று பார்ப்பதுபோல வாளிக்குள் கையை விட்டுக்கொண்டு நின்றேன். இன்றுவரை பதில் சொல்லவில்லை. அவள் கேட்டதையே மறந்துவிட்டாள். எனக்குத்தான் மறக்கவில்லை.

அந்தப் பதில் எங்கள் அம்மாவிடம் இருக்கிறது. அதை அவளிடம் கேட்கலாமா, கூடாதா என்பதுதான் என் தவிப்பு. எனக்கு ஐந்து வயதில் மாமல்லபுரம் பக்கத்தில் ஒரு கடற்கரை ஓட்டலில் போய்த் தங்கினோம். அதைச் சொன்னால்தான் இது புரியும்.

அப்போது எங்கள் வீடு செங்கல்பட்டில். அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். என்னைப் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். "வயித்துல கட்டி, எடுத்துட்டாங்க" என்று எனக்குச் சொல்லப்பட்டது. அம்மா ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேராக அந்த ஓட்டலுக்குப் போனோம். அப்பாவின் சிநேகிதர் அங்கே வேலையில் இருந்தார். மழைக்காலம், ஆளே வராத நேரம் என்பதால் ஓர் அறையைத் திறந்துவிட்டார். எனக்கு அது டூர். நீச்சல் குளம் உண்டு என்று யாரோ சொல்லியிருந்ததால், பாவாடை சட்டைகளுக்கு நடுவில் ஒரு துண்டை நானே மடித்து வைத்துக்கொண்டேன்.

குளத்தில் தண்ணீர் இல்லை. அடியில் சவுக்கு இலையும் தவளையும்தான் இருந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்தார்கள். எங்களுக்காக நாலு நாற்காலிகளை இறக்கிப் போட்டார் சர்வர். அப்பா எதைக் கேட்டாலும், "கீது சார், டிசம்பர்ல வந்தா எல்லாமே கீது" என்றார். கடைசியில் எல்லாரும் உப்புமா சாப்பிட்டோம்.

கூட வந்திருந்த பெரியம்மா அம்மாவின் அக்கா. வாய் சும்மா இருக்காது.

"பச்ச ஒடம்புக்காரிய இந்த ஈரக் காத்துல கொண்டாந்து வெச்சிகினு கீறீங்களே மாப்ள, ஊரு சிரிக்காதா?"

"ஊரு இல்லாத எடமா பாத்துதான்க்கா வந்திருக்கோம்" என்றார் அப்பா.

அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் ஓடிப்போய் மேலே விழுந்தேன். "மேல விழாதடி" என்று கத்தித் தள்ளினாள். அம்மா அதுவரை என்னைத் தள்ளியதே இல்லை. அவளுடைய ரவிக்கையின் முன்பக்கம் நனைந்திருந்தது. சன்னல் வழியாகச் சாரல் அடித்திருக்கும் என்று நினைத்து, நான் போய் சன்னலைச் சாத்தினேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. இன்னும் ஒரு தடவை இழுத்துச் சாத்தினேன்.

மறுநாள் காலையில் பெரியம்மா அப்பாவை வராந்தாவுக்குக் கூப்பிட்டு, மல்லிகைப்பூ வேண்டும் என்றாள். கட்டின பூ வேண்டாம், உதிரியாக வேண்டும், குண்டு மல்லியாக இருக்க வேண்டும், நிறைய வேண்டும். அப்பா தலையை ஆட்டினார். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பது அப்பாவோடு சண்டை என்றுதான் நினைத்திருந்தேன்; பூ வாங்கித் தந்தால் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று எனக்கு ஒரே சந்தோஷம். நானும் வருவேன் என்று அடம்பிடித்து, சிநேகிதரின் ஸ்கூட்டரில் அப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

மழையில் மல்லி எங்கே கிடைக்கும்? மாமல்லபுரத்தில் டிசம்பர் பூவும் கனகாம்பரமும்தான் இருந்தன. சதுரங்கப்பட்டினத்தில் பூக்கடையே திறக்கவில்லை. திருக்கழுக்குன்றம் போனோம். கோயில் தெருவில் ஓர் அம்மா தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். அப்பா மல்லி கேட்டதும் சிரித்தாள்.

"இந்த மழைல மல்லியா? வூட்ல சண்டையா அண்ணாத்த? அல்வா வாங்கினு போ, அதுக்கே சமாதானம் ஆயிடும்."

அப்பா சிரிக்கவில்லை. "இல்லம்மா, உதிரி மல்லிதான் வேணும்."

"உதிரிய வெச்சிகினு இன்னா பண்ணப் போற? தலைல கொட்டிப்பாங்களா?"

அப்பா குனிந்து அவளிடம் ஏதோ சொன்னார். மழை தார்ப்பாயில் அடித்த சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. அவளுடைய கை நின்றுவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து ஈரத்துணி மூடிய கூடை ஒன்றை முன்னால் இழுத்தாள். உள்ளே மொட்டு மொட்டாக மல்லி. ஏதோ கல்யாணத்துக்கென்று எடுத்துவைத்தது.

"அந்தப் பொண்ணு வேற பூ வெச்சிக்கட்டும். நீ எட்துகினு போ நைனா" என்று அள்ளி அள்ளிப் பையில் போட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவினாள். கை சில்லென்று இருந்தது.

பையைப் பெரியம்மாவிடம் கொடுத்ததும் எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே, அம்மா பூ வைத்துக்கொண்டு வருவாள், எனக்கும் கொஞ்சம் கிள்ளித் தருவாள் என்று காத்திருந்தேன். கதவு திறந்தபோது அம்மாவின் தலையில் ஒரு பூகூட இல்லை. ஆனால் அறை முழுக்க மல்லி வாசனை. "பூ எங்க?" என்று கேட்டேன். "சாமிக்கு" என்றாள் பெரியம்மா. அந்த அறையில் சாமி படம் இல்லை. இருந்தது, தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண் படகில் போகும் படம். நான் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தேன். அதற்கும் பூ வைத்திருக்கவில்லை.

மறுநாள் பெரியம்மா ஒரு பிளாஸ்டிக் பையை அப்பாவிடம் கொடுத்தாள். பழுப்பேறி வதங்கிய பூக்கள். "கால் படற எடத்துல போடாதீங்க மாப்ள" என்றாள்.

அப்பா பையோடு அந்த ஓட்டல் முழுவதும் சுற்றினார். நான் பின்னாலேயே போனேன். புல்தரையில் தோட்டக்காரர் நடந்துகொண்டிருந்தார். ரோஜாப் பாத்திக்கு நடுவில் நடைபாதை இருந்தது. காலிக் குளத்தின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்தார். கடற்கரைக்கு இறங்கினார். அங்கே நாய்களின் கால்தடம் இருந்தது. திரும்பவும் மேலே ஏறினார். எனக்குக் கால் வலித்தது, எரிச்சலாக இருந்தது.

"அதான் குப்பத்தொட்டி இருக்கேப்பா!"

"இது குப்ப இல்லம்மா" என்றார்.

கடைசியில், மதிலுக்கு அந்தப் பக்கம் தாழம்புதர் ஒன்று இருந்தது. முள்ளுக்குள் தோள்வரை கையை விட்டுப் பூவை உள்ளே கொட்டினார். வெளியே எடுத்த கையில் கோடு கோடாக ரத்தம். அதைத் துடைக்காமல் அங்கேயே நின்றார். இவ்வளவு சுற்றியும் இதற்குத்தானா என்று எனக்கு அப்பாவின் மேல் கோபம். குளத்துக்கு எப்போது தண்ணீர் விடுவார்கள் என்று கேட்டேன்.

இரண்டு வருடங்களுக்கு முன், என் மகளுக்குப் பாலை நிறுத்தினேன். நாவலூர் பிளாட்டில் மார்பு கட்டிக்கொண்டு வலியில் துடித்தபோது அம்மாவுக்குப் போன் செய்தேன். "மல்லிப்பூ வாங்கி மார்ல வெச்சுக் கட்டு. கட்டின பூ வேணாம், உதிரியா வாங்கு. குண்டு மல்லியா பாத்து வாங்கு. பால் வத்திடும்" என்றாள், ரசத்துக்குப் பக்குவம் சொல்வதுபோல. "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றேன். "எல்லாருக்கும் தெரியும்" என்று போனை வைத்துவிட்டாள். நான் கைக்குழந்தையாக இருந்தபோது அவளுக்குப் பால் தானாகவே நின்றுபோனது என்று அவள்தான் பலமுறை சொல்லியிருக்கிறாள். அப்படியென்றால் அந்த ஓட்டலில் யாருக்கான பால் வற்றியது? என் பிரசவத்தின்போது என்னையும் பச்சை உடம்பு என்றுதான் சொன்னார்கள். கட்டி எடுத்தவளை அப்படிச் சொல்வதில்லை.

பெரியம்மா இப்போது இல்லை. அப்பாவிடம் ஒரு நாள் கேட்டேன். "அம்மாட்ட கேட்டுடாத" என்றார். டிவி சத்தத்தைக் கூட்டினார். அது எனக்குப் பதில்தான். தம்பியா தங்கையா என்பது மட்டும் தெரியவில்லை. பெயர் வைத்தார்களா, அம்மா முகத்தையாவது பார்த்தாளா, எதுவும் தெரியவில்லை.

நான் வேலைக்குப் போவதால் அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். இதை எழுதும்போது பக்கத்து அறையில் என் மகளுக்குத் தலை சீவிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள், கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று தோன்றுகிறது. மறுநாளே, யாரும் கேட்காததால்தான் இத்தனை வருடம் தனியாகச் சுமக்கிறாளோ என்று தோன்றுகிறது. அப்பா சொன்னது அம்மாவைக் காப்பாற்றவா, தன்னைக் காப்பாற்றவா என்றும் புரியவில்லை.

இதைப் படிப்பவர்களில் அப்படி ஒரு குழந்தையைப் பெற்று இழந்து, அதைப் பற்றிப் பேசாமலே இருக்கும் அம்மாக்கள் இருந்தால், தயவுசெய்து எனக்கு எழுதுங்கள். உங்கள் மகள் வந்து கேட்டால் உங்களுக்கு ஆறுதலாக இருக்குமா, மறுபடி அடிபட்டதுபோல இருக்குமா? கேட்கலாம் என்றால், எப்படித் தொடங்குவது என்றும் சொல்லுங்கள். எத்தனையோ முறை அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிட்டேன். முதல் வார்த்தைதான் வரவில்லை.