சரோஜா வீட்டில் உள்ள பொருட்கள்

போன வாரம் எதிர் பிளாட் திவ்யா லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாள். காலேஜ் அட்மிஷன் கிடைத்துவிட்டது. ஃபீஸுக்கு உதவி கேட்டு விண்ணப்பம் போட வேண்டும்.

"ஆன்ட்டி, ஸ்காலர்ஷிப்புங்கறான், கிராண்ட்டுங்கறான், லோனுங்கறான்... எல்லாம் ஒண்ணுதானே?"

ஒன்றா? முப்பது வருஷம் கல்லூரியில் குப்பை கொட்டியவளிடம் கேட்கிற கேள்வியா இது!

"மார்க்கைப் பார்த்துக் கொடுத்தா ஸ்காலர்ஷிப். இல்லாமையைப் பார்த்துக் கொடுத்தா கிராண்ட். திருப்பிக் கேட்டா லோன். அவ்வளவுதான்."

"இல்லாமையை எப்படி ஆன்ட்டி பார்ப்பாங்க?"

இப்போது சர்டிபிகேட்டை அப்லோட் செய்தால் போதும். எழுபதுகளின் தொடக்கத்தில் ஓர் ஆள் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அந்த ஆள்... வேறு யார், நான்தான்!

அம்பத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரி. புதிதாகச் சேர்ந்தவள் தலையில்தானே எல்லா வேலையும் விழும்? கல்லூரியை நடத்திய டிரஸ்ட்டில் உதவித்தொகை கேட்ட பிள்ளைகளின் வீட்டுக்கு நான் போக வேண்டும். கையில் நிரப்ப வேண்டிய ஒரு பாரம். கூரையா ஓடா, எத்தனை பேர் சம்பாதிக்கிறார்கள் என்று வரிசையாகக் கேள்விகள். அப்புறம் 'வீட்டில் உள்ள பொருட்கள்' என்று ஒரு பட்டியல். கடைசி வரி: பரிந்துரை — உண்டு / இல்லை.

அந்த வருஷம் மிச்சமிருந்தது ஒரே ஓர் இடம். அதைக் கேட்டிருந்தவள் சரோஜா. பி.யூ.சி.யில் என் கெமிஸ்ட்ரி வகுப்பில் அவள்தான் முதல். பி.எஸ்ஸி. சேர ஆசை. அப்பாவுக்குப் பாடியில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றுகிற வேலை. டிரஸ்ட் பணம் வராவிட்டால் திங்கட்கிழமை முதல் அவளும் அங்கே பேக்கிங்குக்குப் போக வேண்டியதுதான். மேஸ்திரியிடம் பேசி வைத்துவிட்டார்களாம்.

அவள் வீடு இருந்த மேனாம்பேட்டுக்கு நல்ல மத்தியான வெயிலில் போய்ச் சேர்ந்தேன். கூரை வீடு. உள்ளே நுழைந்தால்... அடேயப்பா! மூன்று நாற்காலி. ஸ்டூலின் மேல் ஒரு டேபிள் ஃபேன். மாடத்தில் பூப்போட்ட துணி போர்த்திய ரேடியோ.

"வாங்க டீச்சரம்மா, குந்துங்க" என்று புடவைத் தலைப்பால் நாற்காலியைத் துடைத்தார் சரோஜாவின் அம்மா முனியம்மா. பின்னால் நின்ற சரோஜா என் முகத்தையே பார்க்கவில்லை.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வீட்டிலேயே அப்போது ரேடியோ கிடையாது, தெரியுமோ? இதில் ஏழை மாணவர் உதவி வேறா! விறுவிறுவென்று எழுதினேன். நாற்காலி மூன்று. மின்விசிறி ஒன்று. ரேடியோ ஒன்று.

வேர்த்துக் கொட்டியது. "அந்த ஃபேனையாவது போடுங்களேன்" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

யாரும் நகரவில்லை. சரோஜா ஒரு பனையோலை விசிறியை எடுத்து வந்து எனக்கு விசிற ஆரம்பித்தாள். அப்போதுதான் ஃபேனின் வயரைப் பார்த்தேன். சுருட்டி, ஸ்டூலுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் கரண்ட்டே இல்லை!

முனியம்மா எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து நீட்டினார். டம்ளரில் 'தனலட்சுமி' என்று பெயர் வெட்டியிருந்தது. டபராவில் 'கோவிந்தம்மாள்'. தண்ணீர்ச் சொம்பில் 'ப. ராஜேஸ்வரி'. நம் வீடுகளில் பாத்திரத்தில் பெயர் வெட்டாமல் விடுவோமா?

"இவங்கல்லாம் யாரும்மா?"

முனியம்மாவின் கண் வாசல் பக்கம் போனது. திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெயர்க்காரிகள் மூன்று பேரும் அங்கேயேதான் நின்றார்கள், பத்திரமாய்த் தங்கள் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு.

"டம்ளரு என்னுது டீச்சர்" என்றாள் தனலட்சுமி. "பேன் எங்க ஊட்டுது. அவரு சிப்டு முட்ச்சிட்டு வர்றதுக்குள்ள எத்துகினு போவணும், இல்லேன்னா கத்துவாரு."

"நாற்காலி, ரேடியோல்லாம்?"

"அதுவும் இந்தத் தெருதான் டீச்சர்" என்றாள் சரோஜா. "நான் படிச்சுப் படிச்சு சொன்னேன், வேணாம்னு. இது கேட்டாத்தானே!"

"இன்னாடி வேணாம்?" என்று சீறினார் முனியம்மா. "காலேஜ்லேர்ந்து டீச்சரு வராங்கோ. வெறும் ஊட்ல குந்த வெப்பாங்களா? நாலு பேரு இன்னா நினைப்பாங்கோ?"

"அம்மா, ஊடு வெறுமையா இருக்கான்னு பார்க்கத்தாம்மா நான் வந்ததே!"

என் வாயிலும் 'ஊடு' வந்துவிட்டது. வாசலில் இருந்த மூவரும் சிரித்துவிட்டார்கள். முனியம்மா சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படியே வாடிப்போனது. "அப்ப... நானே எம் பொண்ணு படிப்புல மண்ண அள்ளிப் போட்டுட்டேனா?"

அத்தனை கோபத்தோடு அதையெல்லாம் எழுதினேனே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. புதிய பாரத்தை எடுத்தேன். "இல்லம்மா. இப்போ சரியா எழுதிடறேன்."

"படிச்சுக் காட்டு" என்றார்.

படித்தேன். நாற்காலி, இல்லை. மின்விசிறி, இல்லை. ரேடியோ, இல்லை. கட்டில், இல்லை. மின் இணைப்பு, இல்லை. ஒவ்வொரு 'இல்லை'க்கும் அவர் தலை இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. தன் வீட்டைப் பற்றி ஒருத்தி இப்படி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு நிற்பது லேசான காரியமா? அந்தப் பாரத்தைத் தயாரித்தவரை அங்கே கூட்டிவந்து நிறுத்த வேண்டும் போலிருந்தது எனக்கு.

கடைசியில் முனியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"எல்லாம் இல்லன்னே எய்திக்கோ டீச்சரம்மா. காப்பி குட்த்தாங்கோன்னு ஒண்ணு மட்டும் எய்திடு."

பாரத்தில் அதற்கு இடமே இல்லை. ஓரத்தில் எழுதினேன்: 'காபி கொடுத்தார்கள்.' கீழே 'பரிந்துரை — உண்டு.'

மறுநாள் கமிட்டியில் பிரின்ஸிபால் அந்த ஓரத்தை இரண்டு முறை படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கையெழுத்துப் போட்டார். திங்கட்கிழமை காலை சரோஜா பேக்கிங்குக்குப் போகவில்லை. என் லேபில் முதல் பெஞ்சில் நின்றாள்.

அந்தக் காபிக்குச் சர்க்கரை யார் வீட்டிலிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவே இல்லை!