நுரை அடங்கும் வரை

காலை ஆறு நாற்பதுக்கு மகளின் போன் நின்றது. வவுனியாவில் படிக்கிறவள், விடுமுறைக்காக முதல் பஸ்சில் வந்துகொண்டிருந்தாள். அவள் ஏறியதில் இருந்து நான் கோல் எடுத்துப் பேசிக்கொண்டே இருந்தேன். யன்னல் கரையில் இருக்காதே, பையைப் பார்த்துக்கொள், சாப்பிட்டாயா. மாங்குளத்துக்குக் கிட்ட வருகிறோம் என்றாள். அதன் பிறகு எத்தனை தரம் எடுத்தாலும் பதிவுக் குரல்தான் கேட்டது.

நான் அக்கராயனில் பால் சேகரிப்பு நிலையத்தில் பால் பரிசோதிப்பவள். வாசலில் சைக்கிள்களும் பால் கான்களுமாக வரிசை நின்றது. எங்கள் பக்கத்தில் என் வயதுக்காரர் ‘வந்திடுவாள்’ என்ற சொல்லை லேசில் நம்புவதில்லை. யுத்த காலத்தில் அந்த வீதியால் போய்த் திரும்பி வராதவர்களை எங்களுக்குத் தெரியும்.

ஒரு கையில் போன், மறு கையில் பாலின் அடர்த்தி பார்க்கும் லக்டோமீட்டர். வரிசையில் முன்னால் நின்ற துரையண்ணையின் பாலைக் குழாயில் ஊற்றி உடனே லக்டோமீட்டரை அதில் மிதக்க விட்டேன். தாழ்ந்து போனது.

“அண்ணை, தண்ணி கலந்திருக்கு.”

மாடு வளர்ப்பவருக்கு இதைவிடப் பெரிய அவமானம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“தங்கச்சி, என்ர மாடு குளத்தையே குடிச்சாலும் பாலாத்தான் தரும். கறந்த கையோட ஓடி வாறன்.”

“மாடு கலக்கேல்லையெண்டா நீங்கள் கலந்தனீங்களோ?” என்றார் பின்னால் நின்றவர். சிரித்தார்கள். துரையண்ணை சிரிக்கவில்லை.

குழாயைப் பார்த்தேன். மேலே இரண்டு விரல் நுரை. காற்று நிறைந்த பாலில் லக்டோமீட்டர் தாழும், நல்ல பாலும் தண்ணீர்ப் பாலாகத் தெரியும். வேலை பழக வருபவர்களுக்கு நான் முதல் நாளே சொல்லித்தருவது இது.

“பிழை என்னிலதான் அண்ணை. பிள்ளையின்ர போன் வேலை செய்யேல்ல. எனக்குக் கை ஓடேல்ல.”

“அப்ப போனை அந்த அலுமாரிக்குள்ள வையுங்கோ. என்ர மானத்தை ஒருக்காப் பாருங்கோ.”

வைத்தேன். நுரை அடங்கும் வரை இரண்டு கைகளையும் மேசையில் ஊன்றினேன். காலுக்குக் கீழே சீமெந்துத் தரை குளிர்ந்தது. மூச்சை மெதுவாக வெளியே விட்டேன். லக்டோமீட்டரை விட்டு, அது ஆடி நிற்கும் வரை இன்னொரு மூச்சு. நல்ல பால். வரிசை முழுவதற்கும் கேட்கும்படி அதைச் சொன்னேன்.

அடுத்த கானுக்கும் அப்படியே செய்தேன். பயம் போகவில்லை, ஆனால் அளவு பிசகவில்லை. வரிசை முடிவதற்குள் எனக்கு ஒன்று புரிந்தது. எனக்குத் தெரிந்தது போன் நின்றது மட்டும். விபத்து, ஆஸ்பத்திரி என்று மனம் நினைத்ததெல்லாம் நானே கலந்த தண்ணீர்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு இப்போது இதையும் சேர்த்துச் சொல்கிறேன். மனம் நுரைத்து நிற்கும்போது எதையும் அளக்க வேண்டாம். கையை ஊன்றுங்கள், மூச்சை விடுங்கள், முன்னால் இருக்கிற கானைப் பாருங்கள். நானே இன்னும் முழுதாகப் பழகவில்லை.

கடைசிக் குழாயைக் கழுவும்போது வாசலில் ஓட்டோ நின்றது. மகள் பையோடு இறங்கினாள்.

“மாங்குளத்தில பஸ் பழுதாப் போச்சு அம்மா, வேற பஸ்சில மாறி வந்தனான்,” என்றாள். “போன்ல சார்ஜ் இல்லை. நீங்கள்தானே கோல் எடுத்தெடுத்து முடிச்சனீங்கள்.”