எபநேசருக்கு ஒரு புள்ளி

நேற்றுக் கோட்டாற்றில் பூட்டு வாங்கப் போன இடத்தில், பக்கத்துக் கடையிலிருந்து பலா மரம் கருகும் வாடை வந்தது. எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் மிஷின் ஒன்று யாருடைய வீட்டுப் பெயரையோ பலகையில் வெட்டிக்கொண்டிருந்தது. கடைக்காரர் அந்தப் பக்கம் திரும்பாமல் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் பூட்டு வாங்காமலேயே பஸ் ஏறிவிட்டேன். கருகல் வாடைக்கெல்லாம் கண் கலங்குகிறவனை நீங்கள் என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

மரம் ஏன் கருகுகிறது தெரியுமா? பிளேடு மழுங்கியிருக்கும், இல்லையென்றால் ஓரிடத்தில் தயங்கி நின்றிருக்கும். பலகைமேல் செல்லோ டேப் ஒட்டி வெட்டினால் கருகாது. இதெல்லாம் எனக்குத் தெரிந்தது, என் அண்ணன் துபாயிலிருந்து பெட்டி கட்டிக் கொண்டுவந்த ஒரு மிஷினால். தையல் மிஷின் ஊசிபோல மெல்லிய ரம்ப வாள் ஒன்று அதில் மேலும் கீழுமாக ஓடும். நாம் பலகையைத் திருப்பத் திருப்ப அது வளைந்து வெட்டிக்கொண்டு போகும். ஊரார் டிவி கொண்டுவந்த காலம். இந்தச் சாமானைப் பார்த்த மைனி, அதாவது அண்ணன் மனைவி, இரண்டு நாள் அவரிடம் பேசவில்லை.

தக்கலைப் பக்கம் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்கு அண்ணன் எபநேசர் என்று பெயர் வைத்தார். பைபிளில் வரும் பெயர்; இதுவரை ஆண்டவர் உதவினார் என்று பொருள். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு இரண்டு எபநேசர் உண்டு. ஆனாலும் அந்தப் பெயரைத் தன் கையாலேயே பலாப் பலகையில் வெட்டி, புதுமனை புகும் பிரதிஷ்டை ஜெபத்துக்கு முன்னால் வாசலில் பொருத்த வேண்டும் என்பதில் அண்ணன் பிடிவாதமாக இருந்தார். இருபது வருஷம் வெல்டராக இருந்தவர். கை ஆடாமல் நிற்பதுதான் அவருடைய தொழில்.

சனிக்கிழமைதோறும் போவேன். மிஷினோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்வது என் வேலை. ஆபீஸ் கிளார்க்குக்கு வேறென்ன தெரியும்? பலகை துள்ளியது. பிளேடைத் தலைகீழாக மாட்டியிருந்தோம்; பல் கீழே பார்க்க வேண்டுமாம். அடிக்கடி பிளேடு அறுந்தது. அளவுக்கு மீறி இறுக்கியிருந்தோம். சரியான இறுக்கத்தில் விரலால் தெறித்தால் தெளிவாக ஒலிக்கும் என்று புத்தகம் சொன்னது. அண்ணன் சபைப் பாடகர் குழுவில் பாடுகிறவர். காதை வைத்தே அதைச் சரிசெய்துவிட்டார். அப்புறமும் கோடு கோணலாகவே போனது. மிஷின் நடுங்குகிறது என்று அடியில் ரப்பர் விரித்தோம். மேஜையோடு சேர்த்து போல்ட் போட்டோம்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சபைக் கோவிலில் பார்த்தேன். திருவிருந்தில் திராட்சரசக் கிண்ணத்தை எடுத்தபோது, அண்ணன் இடது கையால் தன் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிடித்தும் கை நிற்கவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடுத்த சனிக்கிழமை, பிளேடு மட்டமான சரக்கு என்று முதலில் சொன்னதே நான்தான். புது பிளேடு வாங்கிக் கொடுத்ததும் நான்தான். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எழுத்துகளின் கோணலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைத்து, ஒரு பலகையில் ஒட்டிவிட்டோம். கடைசியில் நின்றது ரகரத்தின் மேலே வைக்க வேண்டிய புள்ளி. நாலணா அளவு வட்டம், அவ்வளவுதான். ஒன்று முட்டைபோல வந்தது, ஒன்று மாங்கொட்டைபோல. பத்துப் பதினொன்று போயிருக்கும். பிரதிஷ்டைக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அண்ணன் எழுந்து, என்னை உட்காரச் சொன்னார்.

அதுவரை நான் அந்த மிஷினில் உட்கார்ந்து வெட்டியதில்லை. ஓடவிட்டதும் தெரிந்துவிட்டது, அதில் ஒரு குறையும் இல்லை. பலகை வெண்ணெய்போல நகர்ந்தது. ஒழுங்காக வெட்டினால், கோளாறு தன் கையில்தான் என்று அண்ணனுக்குத் தெரிந்துவிடுமே என்று பாதி வட்டத்தில் வேண்டுமென்றே கையைக் கோணினேன்.

அண்ணன் சுவிட்சை அணைத்தார். அந்தத் துண்டை எடுத்துப் பார்த்தார்.

"இது கை தெற்றுன கோணல் இல்ல மக்கா. நீ வேணும்னே வெட்டுனது."

நான் மடியில் விழுந்த மரத்தூளைத் தட்டினேன்.

"என் கை ஆடுனத நீ எப்பம் கண்டே?"

"திருவிருந்துல."

"நான் துபாயிலயே கண்டேன். அதனாலயாக்கும் வேலைய விட்டுட்டு வந்தது. மைனிட்ட நான் சொல்லிக்கிடுதேன். நீ இத நேரா வெட்டு."

வெட்டினேன். வட்டமாக வந்தது. அண்ணன் அதைத் தன் கையாலேயே ஒட்டினார். பசை காயும்வரை விரலை எடுக்கவில்லை. அந்த விரலோடு பெயர்ப்பலகையும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அவர் பார்க்காததுபோல இருந்துகொண்டார்.

பிறகு டாக்டர் நோய்க்குப் பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார். அண்ணன் ஒன்பது வருஷம் அதோடு இருந்தார். கடைசியில் பேச்சும் குழறியது. ஆனால் நான் எதையாவது மறைத்துக்கொண்டு போய் உட்கார்ந்தால், பேசாமல் என் முகத்தையே பார்ப்பார். நானாகச் சொல்லிவிடுவேன்.

அண்ணன் போய் நாலு வருஷம். மைனி மகளோடு பெங்களூருக்குப் போய்விட்டாள். வீட்டை வாங்கியவர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொண்டார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை. இப்போதும் நான் சின்னச் சின்னப் பொய் சொல்கிறேன், வேலையை வேண்டுமென்றே கெடுத்துவிட்டுத் தெரியாமல் நடந்துவிட்டது என்கிறேன். எல்லாரும் நம்பிவிடுகிறார்கள்.