அப்பா சொன்ன ஆமென்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் தள்ளிப்போட்டுவிட்டேன். ஜெபத்தைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்க எழுதினால் ஆண்டவருக்குப் பொறுக்குமா என்று ஒரு பயம். அத்தையின் பிள்ளைகள் மனம் நோகுமே என்று இன்னொரு பயம். ஆனால் என் பேத்தி பள்ளிக்கூடத்தில் என்ன பாடம் எடுக்கலாம் என்று வீட்டில் தர்க்கம் நடந்தபோது, இனி எழுதாமல் வைத்திருப்பது சரியல்ல என்று பட்டது.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் நாலாம் பாரத்துக்கு, இப்போதைய ஒன்பதாம் வகுப்புக்கு, ஏற இருந்த வருஷம் அது. அந்த வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும். அதுவரை தையலும் லேஸ் பின்னலும்தான் இருந்தன. அந்த வருஷம் புதிதாகக் கணக்கையும் சேர்க்கத் திட்டம் போட்டிருந்தார் பள்ளியை நடத்திய வெள்ளைக்கார மிஸ்ஸியம்மா. போதுமான பிள்ளைகள் சேர்ந்தால்தான் அந்த வகுப்பு நடக்கும். எனக்குக் கணக்கென்றால் உயிர். ஊசியைக் கண்டால் விரல் தானாக மடங்கிக்கொள்ளும்.

அத்தை என்றால் அப்பாவின் அக்காள். தாயில்லாத அப்பாவைத் தூக்கி வளர்த்தவள். இரணியல் பக்கத்தில் அவளைப்போல் லேஸ் பின்ன ஆள் கிடையாது. "உன் மகளை நான் லேஸிலே ஆளாக்கித் தாறேன்" என்று அவள் சொன்னதற்கு அப்பா தலையாட்டி வாக்குக் கொடுத்துவிட்டார். அக்காளுக்குக் கொடுத்த வாக்கை மாற்ற அப்பாவால் ஆகாது. அப்பா சொன்னதை மாற்றிப் பேச எங்கள் வீட்டில் யாராலும் ஆகாது.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு வழி உண்டு. சாயங்காலக் குடும்ப ஜெபத்தில் ஒவ்வொருவராகச் சத்தம் விட்டு ஜெபிப்போம். ஜெபிக்கிறவரை இடைமறிக்கக் கூடாது, பிறகு அதற்குப் பதிலும் சொல்லக் கூடாது. முகத்துக்கு நேரே சொல்ல முடியாததையெல்லாம் ஆண்டவரிடம் சொல்லுகிற பாவனையில் சொல்லிவிடலாம்.

அடுத்த வீட்டிலிருந்து அத்தையும் ஜெபத்துக்கு வருவாள். "கர்த்தாவே, எனக்குப் பிறகு என் ஊசியைப் பிடிக்க ஒரு கை வேணும்" என்று அவள் தொடங்குவாள்.

என் அம்மை விடமாட்டாள். "ஆண்டவரே, இந்தப் பிள்ளைக்குக் கணக்குப் புத்தியைக் கொடுத்தவர் நீர். கொடுத்ததை எடுத்துப் பரணிலே போடச் சொல்லுவீரா?"

அப்பா நடுவில் மாட்டிக்கொண்டு மழைக்காகவும் நெல்லுக்காகவும் நீளமாக ஜெபிப்பார். கடைசியில் என் தம்பி, "ஆண்டவரே, கஞ்சி ஆறிப்போவுது" என்பான். அதற்கு மட்டும் எல்லாரும் ஒருமனமாக ஆமென் சொல்லுவோம்.

இப்படியிருக்கையில் பள்ளிக்கூடத்தில் எங்களை வட்டக்கோட்டைக்குப் பக்கத்துத் தென்னந்தோப்பில் காம்ப்புக்குக் கொண்டுபோனார்கள். ஓலைப் பந்தலில் படுக்கை, நாங்களே சமையல், கடற்காற்றில் சோறெல்லாம் மணல். கடைசி நாள் பெற்றோரை வரவழைத்தார்கள். சாப்பாடு முடிந்ததும் பிள்ளை என்ன பாடம் எடுக்கிறாள் என்று பெற்றோர் எழுந்து சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. வில்வண்டியில் அப்பா, அம்மை, தம்பி, அத்தை எல்லாரும் வந்து இறங்கினார்கள்.

அத்தை என் கன்னத்தைப் பிடித்து, "ஏட்டி, கறுத்துப் போனியே! நிழல்ல இருந்து பின்னுத வேலைக்கு உள்ள பிள்ளையாக்கும் நீ" என்றாள். எனக்கு அழுகை முட்டியது.

இலை போட்டாயிற்று. மிஸ்ஸியம்மா கூட்டத்தைப் பார்த்தார். பிறகு அம்மையைக் காட்டி, "அந்தத் தாயார் ஜெபிக்கட்டும்" என்றார்.

அம்மை அதுவரை சபை நடுவில் வாய் திறந்ததே இல்லை. முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு எழுந்தாள். பிறகு மடை திறந்ததுபோல் வந்தது. கடலில் போயிருக்கிற மீன்காரருக்காக ஜெபித்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அப்பாவின் "ஆமென்" கேட்டது. அப்பாவின் ஆமென் எங்கள் சபையில் பேர்போனது, ஓட்டுக்கூரை அதிரும். மிஸ்ஸியம்மாவின் முட்டுவலிக்காக ஜெபித்தாள். "ஆமென்." சமைத்த பிள்ளைகளுக்காக. "ஆமென்."

"என் மகளைக் கணக்கு வகுப்பிலே சேர்க்க என் வீட்டுக்காரருக்கு நல்ல மனசைக் கொடுத்தீரே, அதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே."

"ஆமென்!"

தோப்பில் காக்கைகூடப் பறந்தது. நான் கண்ணைத் திறந்துவிட்டேன். அத்தையும் திறந்திருந்தாள்.

ஜெபம் முடிந்ததும் அத்தை, "ஏலே, எதுக்கு ஆமென் சொல்லுதோம்னு தெரிஞ்சா சொன்ன?" என்றாள்.

அப்பா தலையைச் சொறிந்தார். "வாயில வந்துட்டு அக்கா. ஆண்டவர் சந்நிதியில ஆமென் சொல்லியாச்சுல்லா. இனி நான் என்ன செய்ய?"

"ஒனக்கு அந்த வாய ஆருடே தந்தா!" என்றாள் அத்தை. ஆனால் ஆமென் சொன்னதை மாற்றச் சொல்ல அவளுக்கும் துணிவில்லை. நான் மணல் விழுந்த சோற்றை இரண்டாம் தடவையும் வாங்கித் தின்றேன். சாப்பாடு முடிந்ததும் அப்பா எழுந்து, "கணக்கு" என்று ஒரே சொல்லாகச் சொல்லி உட்கார்ந்தார்.

அம்மை கெட்டிக்காரி, அப்பா பாவம், வாய் தவறி மாட்டிக்கொண்டார் என்றே வெகுகாலம் நினைத்திருந்தேன். அந்த மிஸ்ஸியம்மா அம்மையை அதற்கு முன் பார்த்ததே இல்லை என்பது அப்போது என் புத்தியில் படவில்லை. அப்பா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகுதான் அம்மை சொன்னாள்: "வண்டியில இருந்து இறங்கினதும் ஒங்கப்பா நேரே மிஸ்ஸியம்மாட்டப் போனாரு மக்கா. 'என் வீட்டுக்காரி நல்லா ஜெபிப்பா, அவளைச் சொல்லச் சொல்லுங்கோ'ன்னாரு. எங்கிட்ட வந்து, 'மனசுல உள்ளத ஒளிக்காம ஜெபி'ன்னாரு."

ஆகையால் இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுவீர்களானால் சொன்னபடியே சொல்லுங்கள். சிரிப்புக்காகக்கூட, அப்பாவுக்கு வாய் தவறியது என்று மாற்றிவிடாதீர்கள்.